நிராகரிக்கப்பட்ட தாளுக்கு நாம் பட்ட கடன்

இலக்கியப் படைப்பொன்று அச்சேறிய பின்னர் அது சமுதாயத்தின் உடைமையாகிவிடுகின்றது என்பது நாம் யாவரும் ஏற்றுக்கொண்ட கருத்து. ஆனால், அச்சேறாத படைப்பு யாருடைய உடைமை? பதிப்பாளர் திருப்பி அனுப்பியதும், நண்பர்கள் படிக்க விரும்பாததும், காலப்போக்கில் எவருடைய பெட்டியிலோ தங்கிவிட்டதுமான ஒரு தட்டச்சுப் பிரதிக்கு, அதை எழுதியவன் மாண்ட பின்னர் எவரேனும் கடமைப்பட்டவராவரா? முதற்பார்வையில் இது பல்கலைக்கழக ஆராய்ச்சியாளருக்கு மட்டுமே உரிய வினாவாகத் தோன்றலாம். உண்மையில் இது ஓர் அறவியல் வினாவாகும். அதிலும், அந்தப் பிரதி நமது அணியையே குற்றஞ்சாட்டும் பிரதியாக இருந்துவிடின், முற்போக்குச் சிந்தனையை வரித்துக்கொண்ட எவரும் ஒதுங்கிச் செல்ல முடியாத வினாவாகின்றது.

இவ்வினாவை வெறும் கருத்துநிலையில் ஆராய்வதிலும் பார்க்க, ஒரு கவிஞனின் தாள்கள் சென்ற வழியைப் பின்தொடர்ந்து ஆராய்வதே பயனுடைத்து. அதற்கு மிகப் பொருத்தமானவர் ஜமேக்காவிற் பிறந்த கறுப்பினக் கவிஞர் குளோட் மக்கே.

மக்கே ஒரு விவசாயக் குடும்பத்தின் பிள்ளை. 1912ஆம் ஆண்டிலே ஜமேக்க மக்களின் பேச்சுமொழியில் இரண்டு கவிதைத் தொகுதிகளை வெளியிட்டார். அதே ஆண்டில் அமெரிக்கா சென்ற அவர், கல்வியை இடையில் நிறுத்தி, உணவகங்களிலும் புகைவண்டிகளின் உணவுப் பெட்டிகளிலும் பரிசாரகராக வேலை செய்தார். 1919ஆம் ஆண்டுக் கோடைகாலத்தில் அமெரிக்க நகரங்கள் பலவற்றில் வெள்ளை இனவெறிக் கும்பல்கள் கறுப்பின மக்களைத் தாக்கிக் கொன்றபோது, அடிபணியாது எதிர்த்து நிற்குமாறு அறைகூவும் சொனெற் ஒன்றை ‘லிபறேற்றர்’ என்னும் இடதுசாரிச் சஞ்சிகையில் எழுதினார். அவர் பெயர் நாடெங்கும் பரவியது அக்கவிதையினாலேயே. பின்னர் லண்டனில் சில்வியா பாங்க்ஹேர்ஸ்ற் நடத்திய தொழிலாளர் பத்திரிகையில் பணிபுரிந்தார். 1922இல் ‘ஹார்லெம் நிழல்கள்’ என்னும் தொகுதி வெளிவந்தது. அதே ஆண்டின் இறுதியில் மொஸ்கோவில் நடைபெற்ற கம்யூனிஸ்ட் அகிலத்தின் நான்காவது மாநாட்டிலே அவர் உரையாற்றினார்.

அந்த உரை நமது ஆராய்ச்சிக்கு இன்றியமையாதது. மக்கே அங்கு வெறும் வாழ்த்துரை வழங்கவில்லை. அமெரிக்கக் கம்யூனிஸ்டுகள் கறுப்பின மக்களைப் பற்றித் தாம் கொண்டிருக்கும் தப்பெண்ணங்களிலிருந்து முதலில் தம்மை விடுவித்துக்கொள்ளவேண்டும் என்று அம்மேடையிலேயே சுட்டிக்காட்டினார். குற்றச்சாட்டு இயக்கத்தின் மீது. சொல்லப்பட்டது இயக்கத்தின் மேடையிலிருந்து. அவ்வாறு சொன்னமைக்காக அவர் ஒதுக்கப்படவில்லை. அம்மாநாடு கறுப்பின மக்களின் பிரச்சினை குறித்துத் தனியாக ஆய்வுரைகளை நிறைவேற்றியது. அவர் எழுதிய ‘அமெரிக்காவில் நீக்ரோக்கள்’ என்னும் நூல் 1923இல் மொஸ்கோவில் ருசிய மொழியில் வெளியிடப்பட்டது.

இந்நூலின் ஆங்கில மூலம் மறைந்துபோயிற்று. அரை நூற்றாண்டுக்குப் பின்னர், 1979ஆம் ஆண்டில், ருசிய மொழிபெயர்ப்பிலிருந்து அதனை மீண்டும் ஆங்கிலத்துக்குப் பெயர்க்க வேண்டியதாயிற்று. ஆங்கிலத்தில் எழுதிய ஒரு கவிஞரை, ஆங்கில வாசகர்கள் ருசிய மொழியின் வழியாகச் சுற்றி வந்தே படிக்க நேர்ந்தது. நிலையான முகவரியில்லாத எழுத்தாளனின் தாள்கள் அடையும் கதி இது. செல்வந்த எழுத்தாளனுக்கு வீடுண்டு, வீட்டில் அலுமாரியுண்டு, அதைப் பேணும் குடும்பமுண்டு. பேர்லின், பாரிஸ், மார்செய், மொறொக்கோ என ஏறக்குறையப் பன்னிரண்டு ஆண்டுகள் அலைந்து, 1934இல் வெறுங்கையுடன் அமெரிக்கா திரும்பிய ஒருவரிடம் இவை இருந்திருக்க முடியாது. எனவே, தாள் பிழைப்பதும் அழிவதும் தற்செயல் என்று நாம் கூறுவோமாயின், அத்தற்செயலுக்கும் ஒரு வர்க்க அடிப்படை உண்டு என்பதையும் சேர்த்தே கூறவேண்டும்.

இனி நமது வினாவின் மையத்துக்கு வருவோம். 2009ஆம் ஆண்டிலே, நியூயோர்க் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் அரிய நூல்கள் பிரிவில், கலாநிதிப் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த ஜோன்-கிறிஸ்தோப் குளூற்றியே என்னும் மாணவர், சாமுவேல் றொத் என்பவரின் தாள்களை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். றொத் நற்பெயர் பெற்ற பதிப்பாளர் அல்லர். ஜேம்ஸ் ஜோய்ஸின் ‘யுலிசிஸ்’ நாவலை அனுமதியின்றி அச்சிட்டமைக்காக 1927இல் உலகின் பல எழுத்தாளர்களின் கண்டனத்துக்கு உள்ளானவர். ஆபாச வெளியீடுகளுக்காகப் பலமுறை சிறை சென்றவர். ஆபாசம் என்பதன் வரைவிலக்கணம் குறித்து அமெரிக்க உயர்நீதிமன்றம் 1957இல் அளித்த தீர்ப்பு இன்றும் அவர் பெயராலேயே அறியப்படுகின்றது. அத்தகைய ஒருவரின் பெட்டிகளுக்குள் ஏறத்தாழ முந்நூறு பக்கங்கள் கொண்ட நாவலொன்றின் தட்டச்சுப் பிரதி கிடந்தது. அதில் எழுதப்பட்டிருந்த பெயர் குளோட் மக்கே. மக்கேயின் வாழ்க்கை வரலாற்றாசிரியர் எவரும் அப்படியொரு நாவலைப் பற்றி எழுதியிருக்கவில்லை.

கையெழுத்துப் பிரதியெனின் எழுத்தின் வடிவமே எழுதியவரைக் காட்டிக்கொடுக்கும். தட்டச்சு இயந்திரத்துக்கு அந்த இயல்பு இல்லை. எவருடைய விரல் பட்டாலும் அது ஒரே எழுத்தையே பதிக்கும். முகப்பில் உள்ள பெயர் ஓர் உரிமைகோரல் மட்டுமே, சான்று ஆகாது. ஆகவே, குளூற்றியேயும் அவருடைய பேராசிரியர் பிறென்ற் ஹேய்ஸ் எட்வேர்ட்ஸும் நூலகம் நூலகமாகத் தேடவேண்டியிருந்தது. மக்கேயின் சொல்லாட்சியை அவருடைய பிற நூல்களோடு ஒப்பிட்டனர். கதையில் வரும் நிகழ்ச்சிகளை 1930களின் வரலாற்றோடு பொருத்திப் பார்த்தனர். இந்தியானாப் பல்கலைக்கழகத்தின் லில்லி நூலகத்தில், மக்கேக்கும் அவருடைய நெடுங்கால நண்பர் மக்ஸ் ஈஸ்ற்மனுக்கும் இடையே நடந்த கடிதப் போக்குவரத்து பேணப்பட்டிருந்தது. 1941ஆம் ஆண்டுக் கடிதங்கள் இந்த நாவலைப் பற்றிப் பேசின. டற்றன் என்னும் பதிப்பகம் நாவலுக்கு ஒப்பந்தம் செய்து, பின்னர் அதே ஆண்டில் அதை நிராகரித்தமையும் வெளிப்பட்டது. துறைபோந்த அறிஞர்களின் பரிசோதனைக்குப் பின்னர், 2012இல் நாவல் மக்கேயினுடையதே என அறிவிக்கப்பட்டது. 2017இல் பெங்குயின் வெளியீடாக அது அச்சேறியது. எழுதியவர் 1948இலேயே சிக்காகோவில் காலமாகிவிட்டார்.

இதுவரை கூறியது இலக்கியத் துப்புத்துலக்கல் என்ற அளவில் எவருக்கும் மகிழ்ச்சி தருவதே. ஆனால், அந்தப் பிரதி என்ன சொல்கின்றது என்று கேட்டவுடன் நமது மகிழ்ச்சி சிறிது தயங்குகின்றது.

நாவலின் பெயர் ‘ஏமியபிள் வித் பிக் ரீத்’. பெரிய பற்களையுடைய இனியவர் என்பது பொருள். இனிமையாகப் பழகும் ஓநாயை அது நினைவூட்டுகின்றது. ஹார்லெமின் ஏழைக் கறுப்பு ஆடுகளுக்கும் கம்யூனிஸ்டுகளுக்கும் இடையே நிகழ்ந்த காதலைப் பற்றிய நாவல் என்று துணைத் தலைப்புக் கூறுகின்றது. 1935இல் பாசிச இத்தாலி எதியோப்பியாவின்மீது படையெடுத்தபோது, ஹார்லெமின் கறுப்பின மக்கள் தமது தேவாலயங்களிலும் தெருக்கூட்டங்களிலும் எதியோப்பியாவுக்காக உதவி திரட்டினர். அந்த மக்களியக்கத்தைக் கட்சிப் பிரதிநிதிகள் எவ்வாறு சூழ்ச்சியாற் கைப்பற்ற முனைந்தனர் என்பதே கதை. எள்ளல் மிகுந்த, சில இடங்களில் கொடூரமான நாவல். கம்யூனிஸ்ட் அகிலத்தின் கையாளாக அதில் வரும் மக்சிம் தசான் என்னும் பாத்திரத்திடம் ஒரு நற்குணத்தையேனும் ஆசிரியர் காட்டவில்லை.

இந்நாவலின் வெளிவரவு குறித்து இரண்டு இலகுவான விடைகள் உண்டு. இரண்டும் நாவலைப் படியாமலே கூறத்தக்கவை என்பதே அவற்றின் கவர்ச்சி.

முதலாவது, எதிரணியின் விடை. பொதுவுடைமை இயக்கம் கறுப்பின மக்களை ஏமாற்றியதென்பதற்கு இதோ ஒரு கறுப்பினக் கவிஞனின் வாக்குமூலம் என்று அவர்கள் மகிழ்வர். இம்மகிழ்ச்சியில் நேர்மை இல்லை. 1931இல் அலபாமா மாநிலத்தில் ஸ்கொற்ஸ்பறோ வழக்கில் ஒன்பது கறுப்பின இளைஞர்கள்மீது பொய்க் குற்றஞ்சாட்டி அவர்களுள் எட்டுப் பேருக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டபோது, அவர்களுக்காக நீதிமன்றத்திலும் உலக வீதிகளிலும் போராட முன்வந்தது கம்யூனிஸ்டுகளின் சட்டப் பாதுகாப்பு அமைப்பாகும். ஹார்லெமில் வாடகை செலுத்த முடியாத குடும்பங்கள் தெருவில் எறியப்பட்டபோது அவர்களின் தளபாடங்களைத் திரும்பவும் வீட்டுக்குள் கொண்டு சென்று வைத்தவர்களுள் கட்சித் தொண்டர்கள் இருந்தனர். மக்கேயின் நாவலில் இந்த மனிதர்களைக் காண முடியாது. ஒருதலைப்பட்சமான நாவல் ஒருதலைப்பட்சமானதே. எழுபத்தாறு ஆண்டுகள் இருளில் கிடந்தமையால் அது முழு உண்மையாகிவிடாது.

இரண்டாவது, நமது அணியில் எழக்கூடிய விடை. மக்கே இயக்கத்தை விட்டு விலகியவர். 1944இல் கத்தோலிக்க சமயத்தைத் தழுவியவர். அத்தகையவரின் கசப்புக்கு நாம் ஏன் செவிகொடுக்கவேண்டும் என்பது. இந்த விடையிலும் நேர்மை இல்லை. எதியோப்பியாவின்மீது குண்டு விழுந்துகொண்டிருந்த அதே மாதங்களில் சோவியத் எண்ணெய் இத்தாலிக்குச் சென்றுகொண்டிருந்தது. தேசங்களின் சங்கம் இத்தாலிக்கு எதிராக விதித்த வர்த்தகத் தடைகளில் எண்ணெய் சேர்க்கப்படவில்லை. ஆகவே, அவ்வணிகம் சட்டத்துக்கு உட்பட்டதே. ஆனால், ஹார்லெமின் தெருக்களில் எதியோப்பியாவுக்காகச் சல்லி சேர்த்த சலவைத் தொழிலாளிப் பெண்ணுக்குச் சட்டப் பிரிவுகளைக் காட்டி அதனை விளக்க முடியுமா? மக்கேயின் கோபம் அந்தப் பெண்ணின் பக்கத்திலிருந்து பிறந்தது. அவரது முடிவு தவறாயிருக்கலாம். அவர் எழுப்பிய வினா தவறன்று.

இங்கு நாம் கவனிக்கவேண்டியது யாதெனில், 1922இல் மொஸ்கோ மேடையில் நின்ற மனிதரும் 1941இல் இந்தத் தட்டச்சுப் பிரதியை எழுதிய மனிதரும் ஒருவரே என்பதாகும். இரண்டு இடங்களிலும் அவர் சொன்னதன் உட்பொருளும் பெருமளவுக்கு ஒன்றே: கறுப்பின மக்களை உங்கள் திட்டத்தின் கருவியாகக் கொள்ளாதீர்கள், அவர்களின் போராட்டத்துக்கு அவர்களே தலைமை தாங்கட்டும். முதன்முறை அது தோழமையுடன் சொல்லப்பட்டது, கேட்கப்பட்டது. இரண்டாம் முறை அது வசையாகச் சொல்லப்பட்டது, கேட்பாரின்றிக் கிடந்தது. இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் மாறியது மக்கேயின் குணம் மட்டுந்தானா? விமர்சகனுக்கு மேடை கொடுத்த இயக்கம், விமர்சகனைத் துரோகியெனப் பெயரிடும் இயக்கமாக அக்காலத்தில் மாறிக்கொண்டிருந்தது. உள்ளே பேச இடமில்லாதவன் வெளியே சென்று பேசுகிறான். வெளியே பேசும்பொழுது அவனுடைய குரல் கடுமையடைகின்றது. பின்பு அந்தக் கடுமையையே காரணமாகக் காட்டி, அவன் என்றுமே நம்மவன் அல்லன் என்று நாம் தீர்ப்பளித்துவிடுகிறோம். இத்தீர்ப்பில் காரணமும் விளைவும் இடம் மாறியுள்ளன.

இனி, தாள்களைப் பேணியவர்கள் யார் என்று நோக்குவோம். மக்கேயின் நாவலைக் காத்தது ஒரு திருட்டுப் பதிப்பாளரின் பெட்டி. அவருடைய மொஸ்கோ நாட்களைப் பற்றிய விபரங்களை அக்கறையுடன் திரட்டியது அமெரிக்கப் புலனாய்வுத் துறை. 1920களில் அது அவரைப் பற்றிக் கோப்பு வைத்திருந்தது. அவரைச் சிறைப்படுத்தும் நோக்குடன் சேர்க்கப்பட்டவை இன்று அவரை விளங்கிக்கொள்ள உதவும் சான்றுகளாயின. 1941இல், அதாவது அவருடைய நாவல் நிராகரிக்கப்பட்ட அதே ஆண்டில், காள் வான் வெக்ரன் என்பவரின் முயற்சியால் யேல் பல்கலைக்கழகத்தில் கறுப்பின எழுத்தாளர்களின் தாள்களுக்கென ஜேம்ஸ் வெல்டன் ஜோன்சன் பெயரில் ஒரு தொகுப்பு தொடங்கப்பட்டது. மக்கேயின் தாள்களில் பெரும்பகுதி இன்று அங்குள்ளது. செல்வந்தரின் பிள்ளைகளுக்கென வளர்ந்த ஒரு பல்கலைக்கழகம், புகைவண்டிப் பரிசாரகனின் தாள்களுக்கு இல்லமாயிற்று. இதற்காக நாம் யேலுக்கு நன்றி கூறுவதில் தவறில்லை. ஆனால், ஏன் அது அங்கு செல்லவேண்டியிருந்தது என்று கேளாதிருப்பது தவறு.

வேறுவழி இருந்தது என்பதற்கு ஹார்லெமே சான்று. போட்டோ ரிக்கோவிற் பிறந்த ஆர்தர் ஷோம்பேர்க் என்னும் கறுப்பினத்தவர், நியூயோர்க் வங்கியொன்றின் தபாற் பிரிவில் பல ஆண்டுகள் வேலை செய்தவர். கறுப்பின மக்களுக்கு வரலாறில்லை என்ற பொய்யை முறியடிக்கவேண்டுமென்று தமது உழைப்பின் பணத்தால் நூல்களையும் சுவடிகளையும் சேர்த்தார். 1926இல் நியூயோர்க் பொது நூலகம் அத்தொகுப்பை 10,000 டொலருக்கு வாங்கி ஹார்லெமின் 135ஆம் தெருக் கிளையில் வைத்தது. அந்தப் பணத்தைக் கொடுத்தது கார்னகி நிதியம் என்பதும் உண்மையே. ஆனால், எதைச் சேர்க்கவேண்டும் என்று தீர்மானித்தவர் ஒரு சாதாரண ஊழியர். இன்று ஷோம்பேர்க் நிலையம் என வழங்கும் அவ்விடத்தில், மக்கேயின் ‘மார்செய்க் காதல்’ என்ற நாவலின் தட்டச்சுப் பிரதியொன்று உள்ளது. அதன் மற்றொரு வடிவம் யேலில் உள்ளது. கப்பலில் களவாக ஏறியமைக்காகக் குளிரறையில் அடைக்கப்பட்டுக் கால்களை இழந்த ஓர் ஆபிரிக்கத் தொழிலாளி, கப்பற் கம்பனியிடமிருந்து நட்டஈடு பெறுவதைக் கூறும் அந்நாவல் 1930களில் கைவிடப்பட்டு, 2020இல் வெளிவந்தது. அதில் கட்சியைப் பற்றிய வசை முதன்மையானதன்று. அதுவும் அச்சேறாதே கிடந்தது. ஆகவே, மக்கேயின் வாயை அடைத்தது இடதுசாரி இயக்கம் மட்டுமே என்று கூறுவோர் புத்தகச் சந்தையின் கரத்தை மறைக்கின்றனர். எழுத்தாளனின் ஒரு பிரதியைத் தோழர்கள் வெறுத்தனர். மற்றொன்றைச் சந்தை வெறுத்தது. இரண்டுக்கும் கிடைத்தது ஒரே பெட்டிதான்.

இங்கு ஓர் ஆட்சேபம் எழலாம். எழுதியவனின் விருப்பத்துக்கு மதிப்பில்லையா? வெளியிடப்படாத தாள்களைத் தேடி எடுப்பது இறந்தவனின் அந்தரங்கத்துள் நுழைவதாகாதா? இது நியாயமான ஆட்சேபம். மக்கே 1925 அளவில் எழுதிய ‘நிறத் திட்டம்’ என்னும் நாவலைப் பதிப்பாளர்கள் மறுத்தபோது, அதைத் தாமே எரித்துவிட்டார். அந்தச் சாம்பலைப் பற்றி நாம் வருந்தலாம். உரிமை கொண்டாட முடியாது. ஆனால், 1941இன் பிரதி அத்தகையதன்று. அதை அவர் அச்சேற்றவே எழுதினார். பதிப்பகத்தோடு ஒப்பந்தமும் செய்தார். நண்பருக்கு அதைப் பற்றி எழுதினார். எரித்த தாள் எழுதியவனின் தீர்ப்பு. நிராகரிக்கப்பட்ட தாள் பிறரின் தீர்ப்பு. முன்னதற்கு நாம் தலைவணங்க வேண்டும். பின்னதை மேல்முறையீட்டுக்கு எடுக்கும் உரிமை பின்வரும் தலைமுறைகளுக்கு உண்டு.

மற்றோர் ஆட்சேபம் நமது தோழர்களிடமிருந்தே வரும். மக்கள் பசித்திருக்கையில் பழந்தாள்களைத் தேடிக்கொண்டிருப்பதா? பசித்தவனுக்கு உணவே முதலிற் தேவை என்பதில் ஐயமில்லை. ஆயின், அவன் ஏன் பசித்திருந்தான், யார் அவனுக்காகப் பேசினார்கள், பேசுவதாகச் சொல்லி யார் அவனைப் பயன்படுத்தினார்கள் என்பவற்றுக்கு விடை தாள்களில் இருக்கின்றது. ஆளும் வர்க்கம் தனது கணக்குப் புத்தகங்களை ஒருபோதும் தொலைப்பதில்லை. தொழிற்சங்கத்தின் கூட்டக் குறிப்புகளும், மாணவர் இயக்கத்தின் துண்டுப் பிரசுரங்களும், சிறு சஞ்சிகைக்கு வந்து திருப்பி அனுப்பப்பட்ட கவிதைகளுமே தொலைகின்றன. தொலைந்த பின்னர் நமது வரலாற்றை எழுதுவதற்கு எஞ்சுவன பொலிஸாரின் கோப்புகளே. அவை எந்த நோக்கத்தோடு எழுதப்பட்டவை என்பதை விளக்க வேண்டியதில்லை.

மக்கேயின் தாள்கள் காட்டும் படிப்பினை இன்னும் ஒரு படி மேலே செல்கின்றது. நமக்கு உகந்த தாள்களை மட்டும் பேணுவதென்பது பேணுதலன்று, அது விளம்பரம். கருத்து வேறுபட்டு விலகிய தோழனின் கடிதம், சிறுபான்மையில் நின்றவனின் எதிர்ப்புக் குறிப்பு, நம்மைக் கேலிசெய்து எழுதப்பட்ட நாவல் ஆகியவற்றை எங்கே வைக்கிறோம் என்பதிலேதான் விமர்சனமும் சுயவிமர்சனமும் நமக்கு வெறும் சொற்களா, நெறியா என்பது தெரியவரும். பேணுதல் என்பது உடன்படுதல் அன்று. மக்கேயின் நாவலைப் படித்து, அதன் ஒருதலைப்பட்சத்தைச் சான்றுகளுடன் மறுப்பதற்கு நமக்கு முழு உரிமையுண்டு. மறுப்பதற்கும் முதலில் அது இருக்கவேண்டும். இல்லாத தாளை எவரும் மறுக்க முடியாது; அதனால் திருந்தவும் முடியாது.

தன்னை விமர்சித்தவனின் தாளைப் பேணாத இயக்கம், அவனுக்கு வாரிசாகும் உரிமையைத் தன் எதிரிகளுக்கே விட்டுக்கொடுக்கின்றது. 1941இல் ஹார்லெமின் முற்போக்காளர் எவரேனும் அந்த முந்நூறு பக்கங்களை வாங்கிப் படித்து, அவற்றுக்குக் கோபத்துடனேனும் பதில் எழுதியிருப்பின், மக்கேயின் நாவல் நமது இயக்கத்துள் நிகழ்ந்த விவாதத்தின் ஒரு பகுதியாகியிருக்கும். அவ்வாறு நிகழாமையால் அது நமக்கெதிரான சாட்சியமாக வந்து சேர்ந்தது. ஆசிரியர்களும் மாணவர்களும் தம் கைவசமுள்ள பழைய கோப்புகளைக் குப்பையில் இடுமுன்னர், அவற்றுள் தமக்குப் பிடிக்காத தாள் எது என்று ஒருமுறை தேடிப்பார்ப்பார்களாக. முதலிற் பேணவேண்டியது அதுவே.